அம்மா சொன்ன மறுமொழி

டொக்டர் கேட்டது கம்சாயினியத்தான். மறுமொழி சொன்னது அவள்ட அம்மா.

"சிகரெட், சுருட்டு, அப்பிடி ஏதும் பழக்கம் இருக்கா?" எண்டு கேட்டுக்கொண்டே டொக்டர் றஸீனா பேனையத் திறந்தா. வாட்டுக்கு வாற எல்லாரிட்டயும் கேக்கிற கேள்விதான் அது.

அம்மா சீதேவிப்பிள்ளை வாயில கைய வச்சிட்டா. "என்ன டொக்டர் இது! பொம்புளப்புள்ள. ஏ.எல் படிக்கிற புள்ள. இவள்ட அப்பாவே வெத்திலையோட சரி."

"அப்ப இல்லையெண்டு எழுதட்டா?"

"நல்லா அழுத்தி எழுதுங்க."

பக்கத்துக் கட்டில்ல இருந்த பிறிசில்லா அன்ரிக்குச் சிரிப்பு வந்திட்டு. அவ டவுன்ல பறங்கியர் வீட்டு மனிசி, மூச்சு முட்டு வருத்தக்காரி. மூக்கில மருந்துப் புகை பிடிக்கிற மாஸ்க்கக் கழட்டிப்போட்டு, "எனக்கும் அழுத்தியே எழுதுங்க டொக்டர், என்ட மனிசன் குடிச்ச சுருட்டெல்லாம் என்ட நெஞ்சுக்குள்ளதான் கிடக்கு" எண்டா.

வாட்டே சிரிச்சது. கம்சாயினி சிரிக்கல்ல. சிரிச்சா இருமல் வரும், இருமல் வந்தா நெஞ்சுக்குள்ள ஆரோ சீலையப் பிழியிற மாதிரி வரும். டொக்டர் எழுதுறதுக்கு முந்தி ஒருக்கா அவள்ட முகத்தப் பாத்தா. "ஓம்" எண்டு ஒரு சொல்லுச் சொல்ல அந்த நேரம் காணும். அவள் குனிஞ்சு, விரல்ல கொழுவியிருந்த கிளிப்ப, அதில மின்னி மின்னி ஓடுற சிவப்பு நம்பரப் பாத்துக்கொண்டு இருந்தாள். டொக்டர் எழுதிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனா.

அவ்வளவுதான் நடந்தது. ஆனா அந்த "இல்ல" அவள்ட கட்டில்லயே அவளோட சேந்து படுத்துக்கிடந்தது.

கம்சாயினிட ஊர் படுவான்கரை. வாவிக்கு அங்கால, வயல் வட்டையெல்லாம் பச்சையாக் கிடக்கிற பக்கம். அப்பா கனகசிங்கம் வெள்ளாமக்காரன். மகள் டவுன்ல நிண்டு டியூசனுக்குப் போனாத்தான் பயோவுக்கு நல்ல றிசல்ட் வருமெண்டு சொல்லிப்போட்டாங்க. டவுன்ல ஒரு போர்டிங்கில கொண்டு விட்டாங்க. சனிக்கிழமை பின்னேரம் மத்தப் பிள்ளையள் எல்லாம் பஸ் ஏறி ஊருக்குப் போயிருவாங்க. இவளுக்கு ஞாயிறும் வகுப்பு. அந்த நீட்டு அறையில எல்லாக் கட்டிலும் வெறுமையாக் கிடக்கும், இவள் ஒத்தையில இருந்து சுவாசப்பைக்குள்ள இருக்கிற சிற்றறையளப் பென்சிலால கீறிக்கொண்டிருப்பாள். கொடிமுந்திரிக் குலை மாதிரி அழகாக் கீறுவாள். படத்துக்கு டீச்சரிட்ட எப்பவும் நல்ல மாக்ஸ்.

நிதுர்ஷனா வந்த பொறகுதான் அந்த அறையில சத்தம் வந்தது. கிரான் பக்கத்துப் பிள்ளை. எதுக்கும் பயமில்லாதவள். அவளும் ஞாயிறு வகுப்புக்கு நிப்பாள். ஒரு நாள் மேசை லாச்சியத் திறந்து, தடிச்ச மார்க்கர் பேனை மாதிரி ஒரு சாமான எடுத்து வாயில வச்சு இழுத்தாள். நுனியில நீல லைற் பத்திச்சு. அறை முழுக்க மாம்பழ வாசம்.

"ஐயோ நிது, சிகரெட்டா?"

"லூசு! சிகரெட்டில நெருப்பிருக்கும். இது வேப், வெறும் ஆவி கா. எங்கட சித்தப்பா சிகரெட்ட விடுறதுக்கே இதத்தான் எடுத்தவர். இந்தா, ஒருக்கா இழுத்துப் பாரு. பயந்தாங்கொள்ளி."

முதல் இழுவையில புரைக்கேறிச்சு. நிதுர்ஷனா விழுந்து விழுந்து சிரிச்சாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் இவள் ரெண்டாந்தரம் இழுத்தது. அவ்வளவு நாளும் அந்த அறையில அவளைப் பாத்து ஒருத்தரும் சிரிச்சதில்ல.

மறுகா நிதுர்ஷனா படிப்ப விட்டிட்டு கொழும்புக்கு வேலைக்குப் போயிட்டாள். போகக்குள்ள, "இத நீயே வச்சுக்கொள், அங்க நான் புதுசு வாங்குவன்" எண்டு குடுத்திட்டுப் போனாள். போனவள் போனவள்தான். மெசேஜ் போட்டா ஒத்தக் கோட்டோட நிக்கும், போய்ச் சேராது. அறை பழையபடி வெறுமை. மாம்பழ வாசம் மட்டும் மிச்சம். காலையில தேத்தண்ணிக்கு முந்தியே கை அதத் தேடத் துவங்கிட்டு. வகுப்பில கொஞ்சம் சுணங்கினா விரல் நடுங்கும். உள்ளுக்க ஊத்திற தண்ணி முடிஞ்சாப்போல, ஒரு போன் கடைப் பெடியனிட்ட லேபிள் இல்லாத குப்பியில வாங்கினாள். எண்ணெய் மாதிரித் தடிப்பு. தொண்டையில ஒட்டும். அதப்பத்தி ஆரிட்டக் கேக்கிற?

இது இப்பிடி ஓடிக்கொண்டிருக்க, ஊரில அம்மாள் கோயில் சடங்கு வந்திட்டு. மகள் நல்லாப் பாஸ் பண்ணினா அவளையே தீப்பாயப் பண்ணுறன் எண்டு சீதேவிப்பிள்ளைக்கு அம்மாளிட்ட ஒரு நேத்தி. "பாஸ் பண்ணின பொறகுதானே பாயிற?" எண்டு அப்பா கேட்டார். "முந்தியே குடுத்தா அம்மாள் மறுக்கமாட்டா" எண்டா அம்மா. அம்மாட கணக்கு எப்பவும் அப்பிடித்தான்.

தீப்பாயிற ஆக்கள் கையில காப்புக் கட்டிக்கொண்டு கோயில்லயே கிடக்கோணும். மீன் இல்ல, மெத்தை இல்ல, சண்டை இல்ல, வெத்தில சுருட்டு ஒண்டும் இல்ல. பூசாரியார் கடுமையான ஆள். பெடியன்கள வரிசையில விட்டு ஒவ்வொருத்தனா "வாய ஆவெண்டு ஊதுடா" எண்டு மணந்து பாப்பார். சிகரெட் வாசம் வந்தவன் காப்ப அவுத்துப்போட்டு வீட்ட போகவேண்டியதுதான். ஒருத்தன் அப்பிடித்தான் அழுதுகொண்டு போனான். பொம்புளப்புள்ளையள அவர் மணந்து பாக்கல்ல.

கம்சாயினி அந்தச் சாமானக் கோயிலுக்கும் கொண்டு போனவள். விடிய முந்திக் கிணத்தடிக்குப் போகக்குள்ள, சீலைப் பைக்குள்ள ஒளிச்சுக் கொண்டு போய் ரெண்டு இழுவை. மனசுக்குள்ள ஒரு வழக்கு நடத்தினாள். விலக்கினது சுருட்டும் சிகரெட்டும். இதில நெருப்பில்ல, சாம்பல் இல்ல, நாத்தம் இல்ல. பழ வாசம். சாம்பிராணிப் புகை இதவிட மோசமாக் கண்ணெரிக்குது, அத அம்மாளுக்கே பிடிக்கிறம். அப்ப இது எப்பிடி விரதத்த முறிக்கும்? வழக்கில அவளே வெண்டிட்டாள். தீக்குழியில இறங்கி ஏறினாள், காலில ஒரு கொப்புளம் இல்ல. அம்மாளும் ஓமெண்டிட்டாவெண்டு நினைச்சுக்கொண்டாள்.

சடங்கு முடிஞ்சு வீட்ட வந்த கையோட இருமல். மறுகா காய்ச்சல். சத்தி. வயித்தோட்டம். "குழிப் புகையக் குடிச்சிட்டாள் புள்ள" எண்டு ஊரெல்லாம் சொல்லிச்சு. வாவிக்கு இங்கால குருக்கள்மடத்துக்குப் பாதைப் படகில ஏத்திக்கொண்டு வரக்குள்ள வாவிக் காத்து முழுக்க முகத்தில அடிக்குது, சீலைத் தலைப்பெல்லாம் பறக்குது, அவளுக்கு மட்டும் மூச்சுக்குக் காத்துக் காணல்ல.

டவுன் ஆஸ்பத்திரியில படம் பிடிச்சுப் பாத்தாங்க. நெஞ்சுப் படத்தில ரெண்டு பக்கமும் வெள்ளை படிஞ்சிருக்கு. சளிக்காய்ச்சல், நிமோனியா எண்டு நரம்பில ஊசி மருந்து போட்டாங்க. காய்ச்சல் இறங்கல்ல. அதுக்குப் பொறகு ஒவ்வொண்டாத் தேடத் துவங்கினாங்க. டெங்குவோ எண்டு ரெத்தம் எடுத்தாங்க. இல்ல. வட்டைத் தண்ணிக்குள்ள இறங்கின புள்ளையா, எலிக்காய்ச்சலோ எண்டு பாத்தாங்க. இல்ல. மூக்குக்குள்ள குச்சி விட்டு கொரோனா பாத்தாங்க. இல்ல. சளியத் துப்பச் சொல்லி காசநோயோ எண்டு திரும்பத் திரும்பப் பாத்தாங்க. அதுவும் இல்ல.

ஒவ்வொரு இல்லைக்கும் சீதேவிப்பிள்ளை தலைக்கு மேல கை கூப்பினா. "இதுவும் இல்லயாம்! அம்மாளே!" டொக்டர் றஸீனாட முகம் மட்டும் ஒவ்வொரு இல்லைக்கும் கொஞ்சம் கொஞ்சமாச் சுருங்கிக்கொண்டு போச்சு.

"உங்கட மகளுக்கு இந்த ஆஸ்பத்திரியில இருக்கிற ஒரு வருத்தமும் இல்ல போல" எண்டா பிறிசில்லா அன்ரி. "அப்ப ஏன் கட்டில மறிச்சுக்கொண்டு கிடக்கிறாள்? எழுப்பி வீட்ட கூட்டிக்கொண்டு போங்க."

பகிடியாத்தான் சொன்னா. அது சீதேவிப்பிள்ளைட மனசில முள்ளாக் குத்திட்டு. அண்டைக்கு ஸ்கான் எடுத்திட்டு வந்த பொறகு, மூக்கில ஒட்சிசன் குழாயோட கிடந்த மகள்ட காலடியில இருந்து மெல்லக் கதைச்சா.

"மகள், நான் விளங்கிக்கொண்டன். எந்தச் சோதினையிலயும் அம்பிடாத வருத்தமெண்டா அது வருத்தமில்ல. குத்தம்."

கம்சாயினி தலையத் தூக்கினாள். "என்ன குத்தம்?"

"என்டதான். நீ காப்புக் கட்டியிருக்கக்குள்ள நானும் விரதமாத்தானே இருந்தனான். பக்கத்து வீட்ட கருவாடு பொரிச்சாங்க. நான் போய் வேலியோட நிண்டு மூக்கு முட்ட மணந்திட்டு வந்தன். நாக்கில படல்ல. ஆனா மனசு திண்டிட்டு. அம்மாள் என்னத் தண்டிக்காம என்ட புள்ளையத் தண்டிக்கிறா." அம்மா கண்ணத் துடைக்கல்ல. "கந்தப்போடி அண்ணனுக்குக் கோல் எடுத்திட்டன். விடிய வான் கொண்டு வருவார். எங்கட பொறுப்பெண்டு கையெழுத்து வச்சிட்டுப் போவம். பூசாரியார் காத்திருப்பார்."

"டொக்டர் விடமாட்டா அம்மா."

"டொக்டர் என்ன செய்யிற? அவவுக்கே என்னெண்டு தெரியல்ல."

அந்த நேரம் வாயத் திறந்திருக்கலாம். திறந்தாள்தான். இருமல்தான் வந்தது. அம்மா முதுகத் தடவிவிட்டா. அந்தக் கை அவ்வளவு இதமா இருந்தது. சொன்னா அந்தக் கை எடுபட்டிரும் எண்டு அவளுக்குத் தெரியும். வேப் பிடிச்சவள் எண்டா அம்மா அடிப்பா, அழுவா, அது ஒரு நாளில ஆறும். காப்போட, அம்மாள்ட வாசல்ல, கிணத்தடியில நிண்டு பிடிச்சவள் எண்டா? அந்தக் காலோட தீக்குழியில இறங்கினவள் எண்டா? ஊரில ஆரு வீட்டுச் சாப்பாட்டுக்கும் இனி அம்மாவக் கூப்பிடமாட்டாங்க. கிணத்தடியில எல்லாரும் பாத்திரத்தத் தூக்கிக்கொண்டு தள்ளி நிப்பாங்க.

ராவாச்சு. வாட்டு லைற்றெல்லாம் நூத்தாச்சு. அம்மா கட்டிலுக்குக் கீழ பாயில படுத்து நித்திரை. கம்சாயினிக்குக் கண் மூடல்ல. போன எடுத்து நிதுர்ஷனாவுக்கு எழுதினாள். "எனக்குப் பயமாக் கிடக்கு. மூச்சு எடுக்க ஏலாமக் கிடக்கு. இதாலயா?" ஒத்தக் கோடு. வேற ஆருக்கு எழுதிற? போனில இருந்த பேரெல்லாம் மேலயும் கீழயும் தள்ளித் தள்ளிப் பாத்தாள். பள்ளிக்கூடம், டியூசன், ஒண்டுவிட்ட சொந்தம், ரீலோட் கடை. இவ்வளவு பேருக்குள்ளயும் இந்த ஒரு கதையச் சொல்ல ஒரு பேர் இல்ல. அப்பத்தான் கை தானா பைக்குள்ள போச்சு. பொம்புளப்புள்ளையள்ட பாட் பக்கெற்றுக்குள்ள அது கிடந்தது.

ஒண்டே ஒண்டு. பயம் அடங்கிறதுக்கு. அப்பிடித்தான் நினைச்சாள். ஒட்சிசன் குழாய மூக்கிலயிருந்து எடுத்து தலகணியில வச்சிட்டு, சுவரப் பிடிச்சுப் பிடிச்சு டொயிலட்டுக்குப் போனாள்.

இழுத்தாள். நீல லைற் பத்திச்சு. இழுத்தது உள்ளுக்க போச்சு, ஆனா அடுத்த மூச்சு வரல்ல. வாயத் திறந்தாள், வரல்ல. அவள் கீறின அந்த முந்திரிக் குலையள் ஒவ்வொண்டா மூடிக்கொண்டு போற மாதிரி இருந்தது. கதவில கைய அடிச்சாளோ, தல அடிபட்டதோ தெரியாது.

அடிபட்ட சத்தம் பிறிசில்லா அன்ரிக்குக் கேட்டிட்டு. முட்டுக்காரிக்கு ராவில எங்க நித்திரை? வந்து தள்ளித் திறந்தவ, "மிஸ்ஸி! மிஸ்ஸி! ஓடி வாங்க, இந்தப் புள்ளை நீலமாப் போயிட்டு!" எண்டு கத்தின கத்தில வாட்டே ஒழும்பிட்டு. கத்தி முடிஞ்சு, மூக்க ஒருக்கா உறிஞ்சிப் பாத்தா. நிலத்தில கிடந்த சாமானப் பாத்தா. குனிஞ்சு எடுத்து, ஆரும் காணமுந்தித் தன்ட சட்டைக்குள்ள போட்டுக்கொண்டா. அவ்வளவு பெரிய வாய்க்காரி, அதப்பத்தி ஒரு வார்த்தை கதைக்கல்ல.

முகம் மூடிற பெரிய மாஸ்க் போட்டு, காத்த வேகமா விட்டு, மெல்ல மெல்ல நம்பர் ஏறிச்சு. டொக்டர் றஸீனா அண்டைக்கு நைட் டியூட்டி. சீதேவிப்பிள்ளை தலையில அடிச்சுக்கொண்டு நிக்க, "அம்மா, நீங்க ஒருக்கா வெளியில நில்லுங்க" எண்டு அனுப்பிப்போட்டு, கட்டிலச் சுத்தித் துணிய இழுத்து மூடினா. கதிரைய இழுத்துக் கட்டிலோட ஒட்டிப் போட்டு இருந்தா.

"புள்ள, இண்டைக்கு ஸ்கான் வந்தது. ரெண்டு பக்கச் சுவாசப்பையும், கண்ணாடியில மூச்ச விட்டாப் பனிப்புகார் பிடிக்கும் பாரு, அப்பிடிப் பிடிச்சிருக்கு. கிருமியளத் தேடினம், ஒண்டும் இல்ல. நாளைக்குப் பெரிய டொக்டர் தொண்டையால குழாய் விட்டு உள்ளுக்கப் பாக்கப்போறார். அதுக்கு முந்தி நான் ஒண்டு கேக்கிறன். இந்தத் தரம் நீ சொல்லு. அம்மா இல்ல இஞ்ச."

மாஸ்க்குக்குள்ள அவள்ட மூச்சு புஸ்ஸு புஸ்ஸெண்டு சத்தம் போட்டது.

"நீ ஏதும் உள்ளுக்க இழுக்கிறனியா? வேப், அப்பிடி ஏதும்?"

அவள் தலைய ஆட்டினாள். ஆட்டினதோட கண்ணீர் மாஸ்க் விளிம்பில போய்த் தேங்கிச்சு. மறுகா துவங்கினது நிக்கல்ல. ஒரு சொல்லு, ஒரு மூச்சு, ஒரு சொல்லு, ஒரு மூச்சு. போர்டிங், நிதுர்ஷனா, போன் கடைப் பெடியன், கோயில் கிணத்தடி, இப்ப டொயிலட்டு. டொக்டர் இடையில மறிக்கல்ல. முடிய, கேக்கவேண்டியத மட்டும் கேட்டா. எவ்வளவு காலமா? தண்ணி எப்பிடி இருந்தது, தடிப்பா? வேற போதைச் சாமான் ஏதும் கலந்ததா?

"தெரியாது டொக்டர். குப்பியில பேர் இல்ல."

டொக்டர் அத எழுதிக்கொண்டா.

"இதாலயா டொக்டர்?"

"இதாத்தான் இருக்கோணும். இந்த வருத்தத்துக்கு இதுதான் எண்டு காட்டிற ரெத்தச் சோதினை இல்ல புள்ள. படத்தப் பாத்தாச் சளிக்காய்ச்சல் மாதிரித்தான் இருக்கும். மத்தது ஒண்டும் இல்லையெண்டு பாக்கோணும், ஆள் வாயத் திறந்து சொல்லவும் வேணும். நீ சொல்லாட்டி நாங்க இன்னும் காசநோயத் தேடிக்கொண்டிருப்பம்." கொஞ்சம் பொறுத்து, "நான் முதல் நாளே உன்னட்டத் தனியாக் கேட்டிருக்கோணும்" எண்டா, தனக்குள்ள கதைக்கிற மாதிரி.

"நான் சாவனா?"

"இப்ப மருந்து மாத்தப்போறம். ஸ்டீரொயிட். கன பேருக்கு அதோட சுகம் வரும். ஆனா இஞ்சதான் கிடக்கோணும், ஒட்சிசனோட. இனி அது ஒரு இழுவையும் இல்ல."

"அம்மாட்டச் சொல்லாதங்க."

"நான் சொல்லமாட்டன். ஆனா விடிய உன்ட மாமா வான் கொண்டு வாறாராம். கூட்டிக்கொண்டு போகாதங்க எண்டு நான் பின்னேரமே சொல்லிட்டன், அம்மா கேக்கல்ல. திரும்பவும் சொல்லுவன். ஊரில இந்தக் காத்து இல்ல புள்ள." டொக்டர் மாஸ்க்கிட நாடாவ நேராக்கிவிட்டா. "எனக்குச் சொன்னது உன்ட நெஞ்சுக்கு மருந்து தாறதுக்குக் காணும். அம்மாவ மறிக்கிறதுக்குக் காணாது."

டொக்டர் போனாப்போல, துணிக்கு அங்கால இருந்து பிறிசில்லா அன்ரிட கை மட்டும் வந்தது. அந்தச் சாமான தலகணியடியில வச்சிட்டுப் போச்சு.

விடிஞ்சிட்டு. அம்மா பையக் கட்டினா. மகள்ட தலைய மெல்ல இழுத்து வாரிப் பின்னத் துவங்கினா.

"அம்மா. குத்தம் உங்களில இல்ல."

"கதையாத. களைக்கும்."

கம்சாயினி தலகணியடியில கைய விட்டு எடுத்து அம்மாட உள்ளங்கையில வச்சாள். அம்மா திருப்பித் திருப்பிப் பாத்தா. "இது என்ன? கோடு போடுற பேனையா?"

சொன்னாள். ராவு டொக்டரிட்டச் சொன்னதவிடக் கொஞ்சமாத்தான் சொன்னாள், ஆனா சொல்லக் கன நேரம் எடுத்தது. அம்மாட கை பின்னல்ல நிண்டுபோச்சு. பின்னாத மயிர் கொஞ்சம் தோள்ல தொங்கிச்சு. அம்மா கத்தல்ல. அடிக்கல்ல. ஒண்டே ஒண்டு கேட்டா.

"காப்போடயுமா?"

"ஓம்."

அந்த நேரம் கந்தப்போடி மாமா செருப்புச் சத்தத்தோட வாட்டுக்குள்ள வந்திட்டார். "என்ன தங்கச்சி, வெளிக்கிட்டாச்சா? வான் வெளியில நிக்குது."

சீதேவிப்பிள்ளை கையப் பொத்தினா. "இல்லண்ணே. போகல்ல. புது மருந்து துவங்கியிருக்காங்க."

"என்னடி கத இது? பூசாரியார் விடியச் சாமத்தில ஒழும்பிக் குளிச்சிட்டு இருக்கார். ராவைக்கு ஒரு கத, விடிஞ்சா ஒரு கதயா?"

"குளிச்சது நல்லந்தானே. நீங்க போங்கண்ணே."

"அப்ப அம்மாள்ட குத்தம்?"

"அத நான் பாத்துக்கொள்றன்."

மாமா புறுபுறுத்துக்கொண்டு போனார். அம்மா எழும்பி, நேர டொக்டர்ட மேசைக்குப் போய், கையத் திறந்து அந்தச் சாமான வச்சிட்டு, "இதையும் பாக்கவேணுமெண்டாப் பாருங்க" எண்டு மட்டும் சொல்லிட்டு வந்தா. மிச்சப் பின்னலப் பின்னல்ல.

மருந்து வேலை செய்யத் துவங்கிட்டு. முதல் காய்ச்சல் விட்டது. மறுகா பெரிய மாஸ்க் போய்ச் சின்னக் குழாய் வந்தது. பெரிய டொக்டர் புதுப் படத்தப் பழைய படத்தோட வச்சுப் பாத்துத் தலையாட்டினார். ஆனா அம்மா அவளோட கதைக்கிறத நிப்பாட்டிட்டா. சோறு குழைச்சு வைப்பா, உடுப்பு அலசுவா, முதுகு துடைப்பா. கண் மட்டும் பாக்காது. எதுவெண்டாலும் பக்கத்துக் கட்டிலுக்குத்தான் சொல்லுவா.

"பிறிசில்லா, அவவுக்கு இன்னும் சோறு வேணுமாமா எண்டு கேளுங்க."

"கம்சா, உனக்கு இன்னும் சோறு வேணுமா? கொம்மா கேக்கிறா. உனக்கு இந்தப் பக்கம் இருக்கிறாவே ஒரு மனிசி, அவதான்."

"வேணாம் எண்டு சொல்லுங்க அன்ரி."

"வேணாமாம். நான் என்ன, போஸ்ட் ஒபிஸா? முத்திரை ஒட்டித் தாங்க ரெண்டு பேரும்."

சிரிக்கப் பாத்தாள் கம்சாயினி. அம்மா சிரிக்கல்ல. அவளும் விட்டிட்டாள்.

பிறகு பிறிசில்லா அன்ரிக்கு வீட்ட போகத் துண்டு வெட்டிட்டாங்க. மகன் வந்து பையத் தூக்கினான். போகக்குள்ள அவ கம்சாயினிட கன்னத்தக் கிள்ளி, "அடியே, இனி மாம்பழம் சாப்பிடோணுமெண்டா பழத்தையே சாப்பிடு" எண்டு காதுக்குள்ள சொல்லிட்டுப் போனா. கட்டில்ல புது விரிப்பு விரிச்சாங்க. ஆரும் வரல்ல.

இப்ப ரெண்டு பேருக்கும் நடுவில சொல்லுக் கொண்டு போக ஆளில்ல. பின்னேரம் முழுக்க அம்மா யன்னலப் பாத்துக்கொண்டு இருந்தா. கம்சாயினி கூரையப் பாத்துக்கொண்டு கிடந்தாள். மூச்சு வந்து போறது இப்ப அவளுக்கே கேக்குது. போர்டிங் அறையில ஒத்தையிலதான் கிடந்தாள், அங்ககூட இவ்வளவு தனிமை இல்ல.

நேர்ஸ் மிஸ்ஸி வந்து ஒரு பிளாஸ்ரிக் சாமானக் குடுத்தா. மூண்டு குழல், ஒவ்வொண்டிலயும் ஒரு பந்து. வாயில வச்சு உள்ளுக்க இழுக்கோணும், பந்து மேல வரோணும். "மூண்டும் ஒழும்பினாத்தான் சுவாசப்பை விரிஞ்சதெண்டு அர்த்தம். நாளுக்குப் பல தரம் செய்யோணும். வீட்ட போனாலும் செய்யோணும். கிளினிக்குக்கு வந்தா ஊதிப் பாத்து எவ்வளவு திரும்பி வந்திருக்கெண்டு சொல்லுவாங்க. சில பேருக்கு முழுக்க வரும், சில பேருக்கு வராது."

இழுத்தாள். முதல் பந்து ஒழும்பிச்சு. திரும்ப இழுத்தாள். ரெண்டாவதும் ஒழும்பி நடுங்கி நிண்டது. மூண்டாவது கிடந்த இடத்தில கிடந்தது. களைச்சுப்போய் மடியில வச்சாள்.

அம்மா யன்னல்ல இருந்து கிறுகிப் பாத்துக்கொண்டிருந்தா. எப்பயிருந்து பாக்கிறாவோ தெரியாது.

"மத்ததையும் எழுப்பு" எண்டா.

கோவத்தில சொன்னாவோ, வேற எதிலயும் சொன்னாவோ, முகத்தில ஒண்டும் எழுதியில்ல. சொல்லிட்டு வாளியத் தூக்கிக்கொண்டு தண்ணி பிடிக்கப் போயிட்டா.

கம்சாயினி குழல வாயில வச்சு, கண்ணை மூடி, மெல்ல இழுத்தாள்.